குழாயில் வெந்நீர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் 1000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் இருக்கிறது. கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியவில்லை. டேங்கை மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, கரூர்

பதில்: மாற்ற வேண்டாம். சூடு டேங்கிலா, குழாயிலா என்று முதலில் பாருங்கள். மதியம் ஒரு பக்கெட் பிடியுங்கள். முதல் அரை பக்கெட் சுட்டுவிட்டு, பிறகு ஆறிய தண்ணீர் வந்தால் கோளாறு குழாயில். ஒரு அங்குல சி.பி.வி.சி. (வீடுகளில் போடும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அது மாடித் தரையில் 15 மீட்டர் ஓடினால் ஏழு லிட்டர் வெயிலில் காய்கிறது. தரையை ஒட்டிக் கிடக்கும் குழாய்க்கு மேலே வெயில், கீழே கான்கிரீட் சூடு. செங்கல் வைத்து அதைத் தூக்குங்கள். ஏ.சி. காப்பர் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் நுரை உறையை 13 மி.மீ. கனத்தில் வாங்கி மாட்டி, மேலே அலுமினியம் டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் உறை வெயிலில் பொடிந்துவிடும். வெறும் பெயின்ட் போதும் என்றால் தண்ணீரில் கரையும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் மட்டும். தின்னர் கலக்கும் பெயின்ட் சி.பி.வி.சி.யைக் கெடுக்கும்.

பக்கெட் நிறைந்த பிறகும் சூடு குறையவில்லையென்றால் டேங்கைக் கவனிக்க வேண்டும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். 1000 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். டேங்க் பாதி காலியாக இருந்தால் அதே வெயில் இரண்டு மடங்கு சூடேற்றும். இன்னொன்று, சூடான தண்ணீர் மேலே நிற்கும். வெளியேறும் குழாயோ அடியில். குளிர்ந்தது முதலில் தீர்ந்து, மேலே காய்ந்தது கடைசியில் இறங்கும். மாலை நான்கு மணித் தண்ணீர் ஏன் மோசம் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள்: அதிகாலை ஐந்து மணிக்கு டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், பகலில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர் இருந்தால் கீழ் சென்சார் பெரும்பாலும் அடியில்தான் தொங்கும். அதை முக்கால் மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

அடுத்தது நிழல். மூடிக்கு மேல் குறைந்தது ஓர் அடி இடைவெளி விட்டு, பக்கங்கள் திறந்திருக்க, கீற்றோ 75 சதவீத நிழல் வலையோ போடுங்கள். பலரும் தெற்குப் பக்கத்தை மறைக்கிறார்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி வரை தமிழ்நாட்டில் உச்சி வெயில் தலைக்கு நேராகவோ சற்று வடக்கிலோ இருக்கும். தெற்குச் சுவரில் அடிப்பதே இல்லை. மறைக்க வேண்டியது மேல்புறம், கிழக்கு, மேற்கு. கூரையை அந்த இரு பக்கமும் இரண்டடி நீட்டுங்கள்.

தெர்மாகோலை விட நிழலே மேல். தெர்மாகோல் பகல் சூட்டைத் தடுக்கும், இரவில் டேங்க் ஆறுவதையும் தடுக்கும். கரூர் போன்ற வறண்ட ஊரில் ஈரச் சாக்கு சுற்றுவது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் பலன் குறைவு.

எவ்வளவு செய்தாலும் சம்ப்பில் இருக்கும் தண்ணீரை விடக் குளிராது. நிலத்தடியில் அது 28, 29 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கும் ஒரே ஒரு குளியலறையில் மட்டும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் சூடாக வருகிறது.
- வாசகர், சென்னை

பதில்: ஒரே அறையில் என்றால் டேங்க் காரணமல்ல. குழாய் மேற்குச் சுவருக்குள் பதிந்திருந்தால், பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில்தான் விடும். சில லிட்டர் ஓடியதும் சரியாகும். ஓடிக்கொண்டே இருந்தும் சூடு நிற்கவில்லையென்றால் கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிப் பாருங்கள். உடனே ஆறினால், கீசர் தண்ணீர் மிக்ஸர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் குழாய்) வழியாகப் பச்சைத் தண்ணீர் லைனுக்குள் தள்ளுகிறது. மிக்ஸரைத் திறந்து வைத்து ஷவர் முனையை மட்டும் அடைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். மிக்ஸரின் உள்கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கேள்வி: சோலார் ஹீட்டர் போட்டதிலிருந்து மாடி டேங்கே சுடுகிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு இடம் பாருங்கள். ஹீட்டரின் காற்றுக் குழாய் முனையை டேங்குக்குள் வளைத்து விட்டிருந்தால் வெந்நீர் அதில் வழியும். வெளியே திருப்புங்கள், ஆனால் ஒருபோதும் அடைக்காதீர்கள். இல்லையென்றால் பச்சைத் தண்ணீர் கொடுக்கும் குழாய் வழியாகவே வெந்நீர் பின்னோக்கி ஏறுகிறது. அந்தக் குழாயில் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட வேண்டும். ஸ்பிரிங் வகை வேண்டாம்; டேங்கின் அழுத்தம் அதைத் திறக்கப் போதாமல் ஹீட்டருக்குத் தண்ணீர் குறையும். ஸ்விங் வகையைப் படுக்கை வசத்தில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கே ஜூலையில் குளிக்கவே முடியவில்லை. கீசரை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயில் குளிக்கச் சொல்கிறார்கள். சரியா?
- வாசகர், தோஹா

பதில்: சரிதான். ஏ.சி. ஓடும் வீட்டுக்குள் கீசர் இருந்தால் அதிலுள்ள 50, 80 லிட்டர் மெல்ல அறை வெப்பநிலைக்கு இறங்கும். வெப்பம் போகாமலிருக்கவே கீசரில் நுரை அடைத்திருப்பதால் ஒரே இரவில் ஆறாது. சில நாள் ஆகும். ஆளுக்கு இரண்டு பக்கெட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். பால்ஸ் சீலிங்குக்கு மேல் கீசர் இருந்தால் பெரிய பலனில்லை.

ஒரு எச்சரிக்கை: 20 முதல் 45 டிகிரி வரை நிற்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். பல நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலோ, குளிர்காலத்தில் மறுபடி கீசரைப் போட்டாலோ 60 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, எல்லாச் சுடுதண்ணீர்க் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். கையில் படாமல்.

கேள்வி: டேங்கில் ஐஸ் கட்டி போட்டால்?
- வாசகர், மதுரை

பதில்: 1000 லிட்டரை ஐந்து டிகிரி குறைக்க ஏறக்குறைய 45 கிலோ ஐஸ் வேண்டும். தினமும். மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பது வேறு கேள்வி.

கேள்வி: சுட்ட தண்ணீரைக் குடிக்கலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: சூடு தண்ணீரை நஞ்சாக்காது, ஆனால் குளோரினைச் சீக்கிரம் தீர்த்துவிடும். குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைக் கிட்டால் பாருங்கள். அந்த அளவு இல்லையென்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் மாலையில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு மறுபடி சோதியுங்கள். மதிய வெயிலில் ஊற்றினால் பாதி வீண். மூடி இறுக்கமாக இருக்கட்டும்; வெளிச்சம் நுழைந்தால் பாசி பிடிக்கும், பாசி குளோரினைத் தின்னும்.