அடுப்படிக் கேள்வி – பதில்: புதுக் குடித்தனத்துக்கு எந்தெந்தப் பாத்திரங்கள்?

கேள்வி: அடுத்த மாதம் மகளைக் கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம் வைக்கவிருக்கிறோம். கடையில் 25 உருப்படிகள் அடங்கிய சமையல் பாத்திரத் தொகுப்பு ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம், அம்மா. இத்தகைய தொகுப்புகளில் மூடியும் கரண்டியும்கூட எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். அன்றாடம் அடுப்பில் ஏறுபவை நாலைந்துதான் இருக்கும், அவையும் பெரும்பாலும் அடி மெல்லியவையாக இருக்கும். அந்தப் பணத்தில் தங்கள் மகள் தினமும் சமைக்கப்போகும் சோறு, குழம்பு, பொரியல், இட்லி, தோசைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் ஒவ்வொன்றாக, கனமாகப் பார்த்து வாங்கிக்கொடுங்கள்.

முதலில் குக்கர். இருவருக்கு 3 லிட்டரில் ஒன்று போதும். விருந்தினர் வருவார்கள் என்றால் 5 லிட்டரில் இன்னொன்று. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது; குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுகிறது. பருப்பு விரைவில் குழைவதற்கு அதுவே காரணம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதையும், வெயிட் போடும் துவாரத்தை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடைப்பில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதையும் மகளிடம் கட்டாயம் சொல்லியனுப்புங்கள். அதே நிறுவனத்தின் காஸ்கெட், சேஃப்டி வால்வு ஆகியவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

குழம்புக்கும் பாலுக்கும் அடி கனமான எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு வாங்கலாம். எவர்சில்வர் வெப்பத்தை எளிதில் பரப்பாது. தீ படும் இடம் மட்டும் சூடேறுவதால்தான் மெல்லிய பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கிறது. இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்துச் செய்த பாத்திரத்தில் இந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிடுகிறது. பொரியலுக்கு இரும்பு வாணலியே என் தேர்வு. ஆனால் புளிக்குழம்பை அதில் ஊற்றி வைத்தால் குழம்பு கறுத்து இரும்புவாடை ஏறிவிடும். கல் இரண்டு வேண்டும்: தோசைக்கு ஒன்று, சப்பாத்திக்கு ஒன்று. எண்ணெயில்லாமல் சப்பாத்தி சுட்ட கல்லில் மறுநாள் தோசை எழும்பாது.

மாவரைக்க மிக்ஸி போதுமா என்று பலர் கேட்கிறார்கள். சட்னிக்கும் மசாலாவுக்கும் போதும். உளுந்தை மிக்ஸியின் வேகத்தில் அரைத்தால் மாவு சூடாகிவிடும். கிரைண்டரின் கல் மெல்லச் சுழலும்போதுதான் மாவு காற்றை வாங்கிப் பொங்கிவரும். மகள் குடியேறுவது கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே பெற்ற ஊர் என்பதால் அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மேசைமேல் வைக்கும் 2 லிட்டர் கிரைண்டர் இருவருக்குத் தாராளம். நல்ல கத்தி ஒன்று, இட்லிப் பாத்திரம், தேங்காய்த்துருவி, மத்து, ஜல்லிக்கரண்டி, இடுக்கி, அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முறுக்கு நாழியைத் தீபாவளிக்கு வாங்கலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் பத்து நாளாகியும் தோசை ஒட்டுகிறது. நான்ஸ்டிக்குக்கே திரும்பிவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவசரப்படாதீர்கள். கல்லைப் பழக்கும்போது பெரும்பாலோர் எண்ணெயை நிறைய ஊற்றிவிடுகிறார்கள். அது கெட்டிப்படாமல் பிசுபிசுப்பாக நின்று மாவைப் பிடித்துக்கொள்கிறது. கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சாதம் வடித்த கஞ்சியில் ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, சில துளி நல்லெண்ணெயைத் துணியால் தடவி, பிறகு அதையும் துடைத்தெடுத்துவிட்டதுபோல் மெல்லிய பூச்சாக விடுங்கள். புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, இதையே மூன்று நான்கு முறை செய்யுங்கள். சூட்டில் அந்த எண்ணெய் கெட்டிப் படலமாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பழகிய கல் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அதன்பின் உடனே மெல்லிய தோசைக்குப் போகவேண்டாம். முதல் சில நாள் வெங்காயம் வதக்குங்கள், கனமான ஊத்தப்பம் ஊற்றுங்கள். மாவு ஊற்றுமுன் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒருமுறை தேய்த்து, கல்லின் சூட்டைச் சற்றுத் தணித்துக்கொள்ளுங்கள். கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டுவரும். என் மாமியார் கொடுத்த கல்லில் இன்றும் நான் தோசை வார்க்கிறேன். அதைப் புளியோ கம்பிநாரோ போட்டுத் தேய்த்ததில்லை. கழுவியதும் தீயில் காட்டி ஈரத்தைப் போக்கிவிடுவேன்.

நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும் என்பதால், தினந்தோறும் தோசை வார்க்கும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: பாட்டியின் ஈயச்சொம்பு பரணில் கிடைத்தது. ரசம் வைக்கலாமா? – வாசகி, சென்னை

பதில்: ரசத்துக்கு உரியது வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பளபளப்பையோ ஓசையையோ வைத்துக் கலப்பைக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே உலோகப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளும்வரை அதில் சமைக்காதீர்கள். தூய வெள்ளீயம் என்று உறுதியானால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், புளிநீரை ஊற்றிய பிறகே சிறுதீயில் ஏற்றுங்கள், தீ நீர்மட்டத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள்.