சைக்கிள் பந்தயத்தின் மலை ஸ்டேஜில் யார் ஜெயிப்பார்? கேட்டவர்களுக்குப் பதில்

மலை ஸ்டேஜுக்கு, அதாவது பல நாள் பந்தயத்தில் மலை ஏறும் ஒரு நாள் ஓட்டத்துக்கு, முந்தின நாள் எதை முதலில் பார்ப்பீர்கள்? யார் ஃபார்மில் இருக்கிறார் என்பதையா?

ஃபார்மை எல்லாரும் பார்ப்பார்கள், அதில் நமக்குத் தனியாக ஒன்றும் கிடைக்காது. நான் ஒட்டுமொத்தப் பட்டியலில், அதாவது எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் போடும் வரிசையில், முதல் ஐந்தாறு பேருக்கு நடுவில் எத்தனை நொடி இருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் ஒரே கேள்விதான்: இவர்களில் ஒருவர் கிளம்பிப் போனால், துரத்த வேண்டிய கட்டாயம் யாருக்கு?

இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2025-ன் 20-வது ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே ஏற்றம், சுமார் 18 கி.மீ., சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கு மேல், கடைசி 8 கி.மீ. தார் போடாத மண் பாதை. பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் போடும் பிங்க் ஜெர்சியில் இசாக் டெல் டோரோ, 43 நொடி பின்னால் ரிச்சர்ட் கரபாஸ், 1 நிமிடம் 21 நொடி பின்னால் சைமன் யேட்ஸ். ஏற்றத்தில் யேட்ஸ் விலகிப் போனார். டெல் டோரோவின் கண் கரபாஸ் மேலேயே இருந்தது. கரபாஸோ, ஜெர்சி போட்டிருப்பவர்தானே துரத்த வேண்டும் என்று இருந்துவிட்டார். நீ போ, நான் போக மாட்டேன் என்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்ததில் மூன்றாவது ஆள் ஜிரோவையே தூக்கிக்கொண்டு போனார், 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில். அன்று கரபாஸ்தான் ஜெயிப்பார் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னவன் நான். அவருக்குக் காலில் பலம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, யார் யாரை முறைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

அதே ஸ்டேஜில் வான் ஆர்ட் முன்னாலேயே போயிருந்தாரே, அது தற்செயலா?

தற்செயலே இல்லை. யேட்ஸின் அணித்தோழரான வவுட் வான் ஆர்ட் காலையிலேயே பிரேக்அவேயில், அதாவது முன்னால் தப்பிப் போகும் கூட்டத்தில், சேர்ந்துகொண்டார். ஏற்றத்தைத் தாண்டியதும் யேட்ஸுக்காகக் காத்திருந்து, பள்ளத்தாக்கில் காற்றைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு இழுத்துப் போனார். ஏற்றத்தில் கிடைத்த இடைவெளி அங்கேதான் பெருகியது. ஏற்றத்துக்கும் முடிவுக்கும் நடுவே சமதளமோ நீண்ட இறக்கமோ இருந்தால், தனியாகப் போகிறவர் பெரும்பாலும் பிடிபடுவார்; அங்கே ஆள் வைத்திருப்பவர் தப்புவார். அதனால் பிரேக்அவே அமைந்ததும் அதில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதோடு நிற்காமல், அவர் யாருடைய ஆள் என்றும் பாருங்கள்.

இன்னொன்று. 2018-ல் யேட்ஸ் பிங்க் ஜெர்சியை இழந்ததும் இதே ஏற்றத்தில்தான். அன்று கிறிஸ் ஃப்ரூம் சுமார் 80 கி.மீ. தனியாக ஓட்டினார். ஏழு வருடக் கணக்கை யேட்ஸ் அதே மண்ணில் தீர்த்தார்.

அண்ணா, ஏன் எல்லாரும் கடைசி 3 கி.மீ. வரை காத்திருக்கிறார்கள்? முன்னாலேயே போனால் என்ன?

போகலாம் தம்பி, போனவர்கள் பலர் கடைசியில் பலம் தீர்ந்து வெடித்துப்போனார்கள். சரிவு 5 சதவீதம் அளவில் இருந்தால் வேகம் கூடுதல், அதனால் அடுத்தவர் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குக் கணிசமான லாபம். 10 சதவீதத்தில் வேகம் குறைந்து, எதிரி காற்று என்பது மாறி உடம்பின் எடை என்றாகிவிடும். ஆகவே தாக்குதல் எங்கே வரும் என்று ஊகிக்க, ஏற்றத்தின் சராசரியை விட்டுவிட்டு அதன் கடினமான துண்டு எங்கே என்று தேடுங்கள். அதுவே உச்சிக்கு வெகு முன்னால் இருந்தால் ஆட்டமும் முன்னாலேயே தொடங்கும்.

ஒரு அணிக்கு இரண்டு தலைவர்கள் இருந்தால் வேறு கணக்கு. 2022 டூர் டி பிரான்ஸின் 11-வது ஸ்டேஜில், கலிபியே மலைப் பக்கம் ஒரே அணியின் பிரிமோஸ் ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகார்டும் மாறி மாறித் தாக்கினார்கள். டூரில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த தடே பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அடுத்து 2,413 மீட்டர் உயரத்தில் முடியும் கிரானோன் ஏற்றத்தில் விங்கெகார்ட் கிளம்பியபோது பொகாச்சரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. கிட்டத்தட்ட 3 நிமிடம் போனது.

பிரேக்அவே தப்புமா பிடிபடுமா என்று காலையிலேயே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்டேஜ் தொடங்கியதுமே ஏற்றம் வந்தால் பிரேக்அவேயில் நல்ல மலையேறிகள் சேருவார்கள். சமதளத்தில் தொடங்கினால் கனமான, வேகமான ஆட்கள் சேருவார்கள். அவர்கள் கடைசி மலையில் கரைவார்கள். அப்புறம், முன்னணி அணிக்கு அன்றைய ஸ்டேஜ் வெற்றியும் வேண்டுமா, ஜெர்சி மட்டும் போதுமா? 2025 டூரில் மோன் வான்டூ மலை மேல் ஜெயித்தவர் பிரேக்அவேயில் வந்த வாலந்தான் பாரே-பெய்ந்த்ர். பொகாச்சரும் விங்கெகார்டும் பின்னால் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

டிவியில் பார்க்கும்போது ஒருவர் உடையப் போகிறார் என்பது எப்படித் தெரியும்?

முகத்தை நம்பாதீர்கள், சிலர் முதல் கிலோமீட்டரிலேயே அழுவதுபோல்தான் இருப்பார்கள். இடத்தைப் பாருங்கள். குழுவின் இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருந்தவர் சத்தமில்லாமல் எட்டாவது இடத்துக்கு நழுவினால் கதை தொடங்கிவிட்டது. அவருடைய உதவியாளர் திரும்பித் திரும்பிப் பார்த்தால் ரேடியோவில் ஏதோ சொல்லிவிட்டார் என்று அர்த்தம். 2023 டூரில் கோல் டி லா லோஸ் ஏற்றத்தில் பொகாச்சர் அப்படித்தான் பின்னால் போனார். அன்று ஸ்டேஜின் தொடக்கத்தில் விழுந்தும் இருந்தார். 5 நிமிடத்துக்கு மேல் இழந்தார்.

சமதளத்தில் கடைசி ஓட்டத்தில் வேகமாகப் பாயும் ஸ்பிரின்டர்கள் அன்று என்ன செய்வார்கள்?

ஒன்றாகச் சேர்ந்து பின்னால் வருவார்கள். நேர வரம்புக்குள் வந்தால் போதும், அதற்கும் கணக்குப் போட்டுத்தான் ஓட்டுவார்கள்.

சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள் சார்.

உச்சியில் முடியும் ஸ்டேஜ், பொகாச்சர் களத்தில் இருக்கிறார், அவர் அணி காலையிலிருந்து முன்னால் நின்று பிரேக்அவேயை அதிக தூரம் போகவிடாமல் கயிற்றில் வைத்திருக்கிறது என்றால், அவர் பெயரைத் தவிர வேறு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் அணி காலையில் முன்னால் வரவில்லையா? அப்படியானால் பிரேக்அவேயில் இருக்கும் மலையேறிகளில், பட்டியலில் 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவராகப் பார்த்து ஒருவரைச் சொல்லுவேன். அவரைத் துரத்த யாருக்கும் காரணம் இருக்காது.