போர்த்தண்ணியும் பிள்ளை வயிறும்

கேள்வி: கிணறு வத்திப் போச்சுங்க. ஆயிரம் அடி போரில் வர்ற உப்புத்தண்ணியும், டிராக்டர் தொட்டித் தண்ணியும்தான் கதி. காய்ச்சித்தான் கொடுக்கறோம். ஆனாலும் நாலு வயசுப் பேரனுக்கு அடிக்கடி வயித்தால போகுது. ஏனுங்க?
- ஓர் அம்மிச்சி, மூலனூர்

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும், ஆழத்துத் தண்ணியில் இருக்கிற ஃபுளோரைடு என்ற தாதுவும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இரண்டும் கூடத்தான் செய்யும். அதனால் குடிக்கவும் சோறாக்கவும் தொட்டித் தண்ணி, மற்றதற்குப் போர்த்தண்ணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் காய்ச்சிய பிறகுதான் சேர்கிறது. ஆற வைத்த குண்டாவுக்குள் சொம்போடு விரலும் முங்கும். வறட்சியில் முதல் வெட்டு விழுவது கை கழுவும் தண்ணிக்கு. குழாய் வைத்த பாத்திரத்துக்கு மாறுங்கள். பின்கழுவிய பிறகும் சோறு ஊட்டும் முன்பும் அரை டம்ளர் தண்ணியும் சோப்பும் கைக்கு ஒதுக்கியே ஆகவேண்டும்.

டிராக்டர் தண்ணியை வீட்டுத் தொட்டியில் ஊற்றியதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிடிக்கலாம். கலங்கல் தண்ணியிலும், பிரித்து வைத்துக் காற்றாடிய பவுடரிலும் இது பலிக்காது.

போக்கு ஆரம்பித்ததும் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்கவேண்டும். பலர் டம்ளருக்குக் கொஞ்சம் தட்டிப் போடுகிறார்கள்; உப்பு ஏறிப் பிள்ளை இன்னும் துவளும். போர்த்தண்ணியில் கலக்கவே வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றதும் மாத்திரையையும் நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு. கண் குழிவது, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாதது, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடிக்கடி போகிற பிள்ளை இளைக்கும். அங்கன்வாடியில் மேல்கைச் சுற்றளவு பார்க்கச் சொல்லுங்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு.

கேள்வி: மருமகள் ஏழு மாசம். ஒதுங்கத் தண்ணி இல்லையென்று பகலில் குடிப்பதையே குறைச்சுட்டா. பரவாயில்லீங்களா?
- வெள்ளகோவில் வாசகி

பதில்: கூடவே கூடாது. குறைவாகக் குடித்து, ஒண்ணுக்கையும் அடக்கினால் நீர்த்தாரையில் கிருமி பிடிக்கும். அது குறைமாசப் பிரசவத்தில் கொண்டுவிடலாம். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. நீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. நிறைகுடம் 15 கிலோ வரும், அவர் தூக்கவேண்டாம். அதற்காகப் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வரிசையில் நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் ஆண்பிள்ளைகள் இருப்பார்களே, சைக்கிளில் இரண்டு கேன் கட்டி அனுப்புங்கள்.