ரவென்னா: தூணில் தங்கிவிட்ட கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். செப்டம்பரில் மனைவியுடன் இத்தாலி செல்கிறேன். பொலோனியாவில் தங்கும்போது ஒரு நாள் மிச்சமிருக்கிறது. அன்று ரவென்னா போய்வரலாம் என்று எண்ணம். அங்கே யுனெஸ்கோ பட்டியலில் எட்டுக் கட்டடங்கள் இருக்கின்றனவாம். எட்டையும் ஒரே நாளில் பார்க்க ஒரு வரிசை எழுதித் தர முடியுமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. நீங்கள் அந்த ஊருக்கு இருமுறை போனதாக எழுதியிருந்தீர்கள். இரண்டாவது முறை ஏன் போனீர்கள் என்று அறியவும் ஆவல்.

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் முறை நானும் உங்களைப்போல் எட்டு என்ற எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன். மாலைக்குள் ஏழு முடிந்தது. ஊருக்கு வெளியே கிளாஸ்ஸேயில் இருக்கும் எட்டாவது மட்டும் பஸ் தவறியதால் கைவிட்டுப்போனது. அந்த வருத்தத்தோடு வீடு திரும்பிய பிறகு, சாவகாசமாகப் படிக்கும்போதுதான் தெரிந்தது, பார்த்த ஏழிலும் ஒன்றைப் பார்க்கவே இல்லை என்று.

சான்ட் அப்போலினாரே நுவோவோ என்ற தேவாலயம் அது. ஆஸ்திரகோத் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் தியோடரிக் தன் அரண்மனைக்கென்று 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அவர் ஆரியுஸ் என்ற குருவின் வழிவந்த ‘ஆரியப்’ பிரிவுக் கிறிஸ்தவர். குமாரன் பிதாவுக்குச் சமமல்லர் என்பது அவர்கள் கொள்கை. 540இல் ஊர் பைசாந்தியப் படையின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், கைக்குப் போனது. சுமார் இருபது ஆண்டுகளில் ஆலயமும் கத்தோலிக்கரிடம் வந்தது. வண்ணக் கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியமாகச் சுவரில் இருந்த பழைய ஆட்களை என்ன செய்வது? பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

பலிபீடத்தை நோக்கி நின்றால், வலது சுவரில் வாயில் பக்கத்து ஓரத்தில் தியோடரிக்கின் அரண்மனை தெரியும். வளைவுகளின் கீழ் ஆட்கள் நின்ற இடத்தில் இப்போது வெள்ளைத் திரைச்சீலைகள் தொங்குகின்றன. திரைகளும் மொசைக்தான். ஆனால் அந்த ஆட்களில் சிலர் கையை நீட்டித் தூணின்மேல் வைத்திருந்தார்கள் போலும். தூணைக் கலைக்க வேலைக்காரருக்கு மனம் வரவில்லையோ, சோம்பலோ. முழங்கைக்குக் கீழே மட்டும் வெளிறிய கை ஒன்று, விரல்களோடு, தூணின் குறுக்கே அப்படியே கிடக்கிறது. உடல் இருக்க வேண்டிய இடத்தில் திரை. நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. அதற்காகத்தான் இரண்டாவது முறை போனேன்; ஒரு மணி நேரம் அந்தச் சுவரின் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எட்டுக்கு வரிசை தர மாட்டேன். மூன்றுக்குத் தருகிறேன். ஊர் சமதரை, முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம், கழுத்துக்குத்தான் பயப்பட வேண்டும். சின்னத் தொலைநோக்கி ஒன்று கொண்டுபோங்கள்.

முதலில் நான் சொன்ன ஆலயம், ரயில் நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தே போகலாம். அடுத்தது சான் விட்டாலே ஆலயம். 547இல் அர்ச்சிக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடராவும் எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கிறார்கள். இருவரும் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. அரசர் பக்கத்து வரிசையில் ஒரே ஒருவர் தலைக்குமேல்தான் பெயர் எழுதியிருக்கிறது: ஆயர் மாக்சிமியன். பேரரசருக்குக்கூட இல்லை! வங்கிக்காரரான உங்களுக்கு இன்னொரு செய்தி: கட்டுமானச் செலவுக்கு 26,000 பொற்காசு கொடுத்தவர் ஜூலியானுஸ் என்பவர். ‘அர்ஜென்டாரியுஸ்’ என்ற அவரது அடைமொழியை வைத்து, பணம் மாற்றும் தொழில் செய்தவர் என்று கருதுகிறார்கள்.

அதே வளாகத்தில் ரோமப் பேரரசர் மகள் கல்லா பிளாசிடியாவின் கல்லறை மண்டபம். கல்லறை என்ற பெயர்தான். அவர் 450இல் இறந்தது ரோமில், இங்கே அடக்கமானதாகத் தெரியவில்லை. வெளியே வெறும் செங்கல், நம் ஊர்ப் பழைய தானியக் கிடங்கு மாதிரி. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. உடனே கைபேசியை எடுக்காதீர்கள். சன்னல்களில் கண்ணாடி இல்லை, அலபாஸ்டர் கல் பலகைகள். தேன் நிறத்தில் வெளிச்சம் கசியும். கண் பழகப் பழக மேலே கருநீலம் திறந்து, பொன் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். பொன் தகட்டைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த துண்டுகள் அவை. ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நீங்கள் தலையை அசைத்தால் சுவரும் மினுங்கும். கூட்டமான நாட்களில் சில நிமிடங்கள்தான் விடுவார்கள். அதில் பாதி கண் பழகவே போய்விடும். உள்ளே நுழையும் நேரம் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

மதியம் பியாதீனா சாப்பிடுங்கள். கனமான சப்பாத்தி போன்றது. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம்; மனைவி சைவம் என்றால் ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததா என்று கேட்டு, பாலாடைக்கட்டி வைத்துத் தரச் சொல்லலாம்.

பிறகு நேரமிருந்தால் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை. நாடு கடத்தப்பட்ட அவர் 1321இல் இங்கேதான் இறந்தார். அவரைத் துரத்திய சொந்த ஊரான பிளாரன்ஸ் பிறகு எலும்புகளைக் கேட்டது. போப்பும் அனுமதி கொடுத்தார். 1519இல் ஆட்கள் வந்து பெட்டியைத் திறந்தால் காலி! துறவிகள் சுவரில் துளையிட்டு எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்கள். எலும்புகள் கடைசியாக வெளிவந்தது 1865இல். இன்று கல்லறை விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புவது பிளாரன்ஸ்தான். நீங்கள் போவது செப்டம்பர்; எண்ணெய் வருவதும் அந்த மாதத்தில்தான், கேட்டுப் பாருங்கள்.

பக்கத்திலேயே சான் பிரான்செஸ்கோ ஆலயம். தரை தாழ்ந்து நிலத்தடி நீர் ஏறியதால் அதன் கீழறை முழுவதும் தண்ணீர். பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். மொசைக் தரைக்கு மேலே தங்கமீன்கள் நீந்தும். சற்று நேரத்தில் அணைந்துவிடும். உங்கள் மனைவி இன்னொரு முறை போடச் சொல்வார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.