வேலூர்ப் புரட்சியை முன்கூட்டியே சொல்லிவிட்ட சிப்பாய் முஸ்தபா பேக் துரோகியா?

கேள்வி இதுதான்: 1806 வேலூர்ப் புரட்சிக்கு மூன்று வாரம் முன்பே திட்டத்தை வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்ச் சொன்ன முஸ்தபா பேக்கைத் துரோகி என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். அதற்காக அவருக்கு மாலை போடவும் மாட்டேன். நான் கிருஷ்ணகிரிக்காரன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன். இந்த இரண்டு காரணத்தாலும் இது எனக்குப் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் பின்னணி. 1805 கடைசியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருக்கும், அதில் தோலில் செய்த குஞ்சம் வேறு. அடுத்த மார்ச்சில் வந்த விதிகளில், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசைகூட எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று போட்டார்கள். தோல் என்றதும் மாட்டுத் தோலா பன்றித் தோலா என்ற சந்தேகம் வந்தே தீரும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இந்தக் கோலத்தில் லீவுக்கு ஊருக்குப் போனால் பங்காளிகள் பந்தியில் உட்கார வைப்பார்களா, பெண் கொடுப்பார்களா? பட்டாளத்துக்காரனுக்கு ஊர்தான் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். கிழக்கிந்தியக் கம்பெனித் துரைகளுக்கு இது புரியவில்லை.

மே மாதம் வேலூரில் இருந்த 4வது ரெஜிமென்டின் 2வது பட்டாலியன் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்றது. கத்தியை எடுக்கவில்லை, யாரையும் கொல்லவில்லை, மறுத்தார்கள், அவ்வளவுதான். 21 பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் தலா 900 கசையடி. மற்ற 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பு சொல்லி, மன்னிப்புக் கேட்க வைத்து விட்டார்கள். வாயைத் திறந்து குறை சொன்னால் என்ன கிடைக்கும் என்பது வேலூர்க் கோட்டையில் இருந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் அன்றே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் ராத்திரிப் பேச்சுதான்.

ஜூன் 17 அன்று, 1வது ரெஜிமென்டின் 1வது பட்டாலியனைச் சேர்ந்த முஸ்தபா பேக் தன் பட்டாலியன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போகிறார். சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்று சொல்கிறார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பட்டாலியனின் இந்திய அதிகாரிகளைக் கூட்டி, இவன் சொல்வது உண்மையா என்று விசாரிக்கச் சொன்னார். அந்தச் சுபேதார்கள், ஜமாதார்களுக்குள்ளேயே சதியில் இருந்தவர்களும் இருந்தார்கள். இவன் பைத்தியக்காரன், பொய் சொல்கிறான், தண்டிக்க வேண்டும் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். பேக்கை விலங்கு போட்டு அடைத்தார்கள்.

என் பெரியப்பாவும் பட்டாளத்துக்காரர். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது, "யார் மேல புகார் சொன்னானோ அவங்களையே உக்கார வச்சு விசாரிக்கச் சொன்னானா அந்தத் தொர?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, அவன் எதுக்குடா போய்ச் சொன்னான்?" என்றார்.

அதுதான் நல்ல கேள்வி. காசுக்காக என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், பின்னால் காசு கிடைத்ததும் உண்மை. ஆனால் ஜூன் 17 அன்று அவர் கண்ணெதிரே இருந்தது சன்மானம் இல்லை, 900 கசையடி வாங்கியவர்களின் கதைதான். பாராக்கில் இரண்டு பக்கமும் படுத்திருப்பவன் கூட்டாளி. அவனைப் பற்றி மேலே போய்ச் சொல்பவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. திட்டம் தோற்றால் மொத்தப் பட்டாலியனும் பீரங்கி வாயில் நிற்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். தின்ற உப்புக்கு விசுவாசம் என்று நினைத்திருக்கலாம். பயமாகவும் இருந்திருக்கலாம். ஒரே மனிதனுக்குள் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் என்பதைச் சீருடை போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 10 விடியற்காலை இரண்டு மூன்று மணிவாக்கில் புரட்சி வெடித்தது. கோட்டையில் ஏறக்குறைய 1500 இந்தியச் சிப்பாய்கள், வெள்ளைக்காரர்கள் தரப்பில் 69வது ரெஜிமென்டின் நான்கு படைப் பிரிவுகள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். கோட்டையில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் கொடி ஏறியது. கொடி ஏறியதே தவிர, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பகுதியினர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மகன்கள் தலைமை ஏற்க வெளியே வரத் தயங்கினார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி 19வது குதிரைப்படையோடு வந்தார். கோட்டை மதிலின் மேல் உயிரோடு ஒதுங்கியிருந்த 69வது ரெஜிமென்ட்காரர்கள் தங்கள் தோல் பெல்ட்டுகளை ஒன்றோடொன்று முடிந்து கீழே விட, அதைப் பிடித்து மேலே ஏறினார். பிறகு பீரங்கி வந்து கதவு உடைந்தது. திப்புவின் மகன்கள் இருந்த அரண்மனைப் பக்கம் ஒதுங்கியிருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்களின் கணக்கு 350க்குக் குறையாது. அதற்குப் பிறகு நடந்த விசாரணையில் 6 பேரைப் பீரங்கியில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கில் போட்டார்கள், 5 பேரை நாடு கடத்தினார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். வேலூரில் ஏறியது திப்புவின் கொடி என்றேன் அல்லவா? அந்தக் கொடி எங்கள் கிருஷ்ணகிரி மலையில் 1792 வரை பறந்துகொண்டிருந்தது. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் கம்பெனிப் படை மலைக்கோட்டையைப் பிடிக்க ஏறிப் பார்த்து, முடியாமல் இறங்கியது. அந்தக் கோட்டை இருக்கும் சையது பாஷா மலையில் ஒருமுறை ஏறினவர்களுக்கு ஏன் முடியவில்லை என்று விளக்க வேண்டியதில்லை. வழுக்குப் பாறை, வளைந்து போகும் படி, மேலே இருப்பவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும். சண்டையில் கிடைக்காத கோட்டை, அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் காகிதம் மூலமாகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரியைச் சேர்த்த பாராமகால் பகுதி முழுக்க அப்படித்தான் கைமாறியது. அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ தருமபுரியில் உட்கார்ந்து நிலத்தை அளந்தார், வரி போட்டார். 1799இல் திப்புவை முடிக்கக் கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை எங்கள் ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் போனது. அதில் சென்னைப் படைச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1770 வாக்கில் கிருஷ்ணகிரியில் பிறந்த ஒருவனை நினைத்துப் பாருங்கள். இருபது வயதில் அவன் திப்புவின் குடிமகன். இருபத்திரண்டில், அவனைக் கேட்காமலே, கம்பெனிக் குடிமகன். மழை பொய்த்த ஒரு வருடத்தில் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்கிறான். இருபத்தொன்பதில் ராயக்கோட்டை தாண்டிப் போய்த் தன் பழைய ராஜாவை எதிர்த்துச் சுடுகிறான். முப்பத்தாறில் வேலூரில் அதே ராஜாவின் கொடிக்குக் கீழே நிற்கிறான். இதில் எந்த வருடத்தில் அவனைத் துரோகி என்று எழுதுவீர்கள்? இவன் கற்பனை ஆள்தான். ஆனால் தேசம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு 1806 சிப்பாயை எடை போட்டால் எங்கே இடிக்கும் என்பதற்கு இவன் போதும்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். இந்தப் பக்கத்து மண்ணில் ஏராளமாகக் கிடைப்பவை அவை. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள், மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் நட்டிருக்கிறார்கள். தன் தலைவனுக்காகச் சண்டையில் விழுந்தானா, அது போதும். சண்டைக்கு முன்னால் எதிர்த் தரப்பில் போய்ச் சொன்னவனுக்குக் கல் நட்டதாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் மாலை போட மாட்டேன் என்றேன். செத்தவர்களில் பலர் அவருடைய சொந்தப் பட்டாலியன்காரர்கள்.

ஆனால் பேக் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் சொன்னதால் புரட்சி நிற்கவில்லை, ஒரு வெள்ளைக்காரன் உயிரைக்கூட அது காப்பாற்றவில்லை. புரட்சி தோற்றது ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படையால். அந்தக் குதிரைப்படையில் 19வது வெள்ளைக்காரப் பிரிவோடு 7வது சென்னைக் குதிரைப்படையும் வந்தது. அதில் இருந்த குதிரை வீரர்கள் நம் ஆட்கள். கோட்டையிலிருந்து ஓடிய சிப்பாய்களை வெட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு ரெஜிமென்டே அன்று காலை கம்பெனி பக்கம் நின்றது. அவர்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் உத்தரவுப்படி குதிரை ஏறினார்கள். பேக் உத்தரவில்லாமல், தனியாக, தானாக முடிவெடுத்தார். தனி ஆளுக்குப் பெயர் இருக்கிறது, திட்டுவதும் சுலபம்.

காசு விஷயத்துக்கும் வருவோம். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பெனிக்குப் பேக் சொன்னது ஞாபகம் வந்தது. 2000 வராகனும் சுபேதார் பென்ஷனும் கொடுத்தார்கள். அந்தக் காலச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 ரூபாய், அதாவது 2 வராகன். கணக்குப் போட்டால் எண்பத்து மூன்று வருடச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. தாராளம்தான். அவரை அடைக்க உத்தரவிட்டவர்கள் தங்கள் முட்டாள்தனத்துக்குக் கட்டிய அபராதம் என்றும் அதைப் பார்க்கலாம், நான் அப்படித்தான் பார்க்கிறேன். கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் 1807இல் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைப்பாகை உத்தரவும் வாபஸ். 900 அடி வாங்கியவர்கள் கேட்டது அதை மட்டும்தான்.

விசுவாசம் பற்றிக் கம்பெனி எடுத்த வகுப்பு இதோடு முடியவில்லை. மூன்றே வருடத்தில், 1809இல், அதே சென்னைப் படையில் இன்னொரு கலகம் வந்தது. இந்த முறை கலகம் செய்தது வெள்ளைக்கார அதிகாரிகள். சலுகைகளைக் குறைத்தார் என்று கவர்னர் பார்லோ மேல் கோபம். ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு அரசாங்கத்தையே எதிர்த்தார்கள். பார்லோ என்ன செய்தார்? இந்திய சுபேதார்களிடம், உங்கள் விசுவாசம் உங்கள் அதிகாரிக்கு இல்லை, அரசாங்கத்துக்குத்தான் என்று நேரடியாகப் பேச வைத்தார். வேலூரில் சுபேதார்கள் அதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று பீரங்கியில் கட்டிய அதே அரசாங்கம், இப்போது அதிகாரிக்குக் கீழ்ப்படியாதே என்கிறது!

சித்ரதுர்காவிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இரண்டு பட்டாலியன்கள் தங்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் சொன்னபடி நடந்து வந்தன. எதற்கு வருகிறோம் என்று அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஊரை நெருங்கும்போது அரசாங்கப் படையும் மைசூர்க் குதிரைப்படையும் அவர்கள் மேல் பாய்ந்தன. செத்ததும் காயம் பட்டதும் பெரும்பாலும் சிப்பாய்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததற்காகச் செத்தவர்கள் அவர்கள். கூட்டி வந்த அதிகாரிகளின் தரப்பில் ஒருவரையும் பீரங்கியில் கட்டவில்லை, தூக்கில் போடவில்லை. பொறுக்கியெடுத்த சிலர் மேல் மட்டும் நடவடிக்கை, வேலை நீக்கம். அப்படி நீக்கப்பட்டவர்களிலும் பலரைச் சில ஆண்டுகளில் மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.