"டேப்பைத் திறந்தால் நுரைதான் வருகிறது": கெக் பீர் கேள்வி பதில்

வீட்டில் பீர் செய்து கெக்கில் (கேஸ் அழுத்தத்தோடு பீரை வைத்து டேப் வழியாக ஊற்றும் பெரிய எஃகுப் பாத்திரம்) அடைக்கிறவர்களும், பாட்டிலை விட்டு அதற்கு மாறலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். நிறையப் பேர் கேட்டிருப்பது நுரையைப் பற்றித்தான், அதனால் அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஐந்து தடவை பீர் போட்டு எல்லாவற்றையும் பாட்டிலில்தான் அடைத்தேன். பாட்டில் கழுவியே அலுத்துவிட்டது. கெக்குக்கு மாற என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: 19 லிட்டர் பீரை 330 மில்லி பாட்டிலில் அடைத்தால் 57 பாட்டில் ஆகும். அலுக்காமல் என்ன செய்யும்! கெக் என்றால் கழுவ ஒரே ஒரு பாத்திரம். ஒரு கெக், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர், கேஸ் குழாய், பீர் குழாய், இரண்டுக்கும் கனெக்டர், ஒரு டேப், கெக் நிற்கிற உயரத்தில் ஒரு ஃபிரிட்ஜ். இவ்வளவுதான்.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது கார்னி கெக். குளிர்பானச் சிரப்பை அனுப்புவதற்காக வந்த துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் அது, ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். பால் லாக், பின் லாக் என்று இரண்டு வகை உண்டு. முன்னது பெப்சி பக்கமும் பின்னது கோகோ கோலா பக்கமும் புழங்கியவை. ஒன்றின் கனெக்டர் மற்றதில் மாட்டாது, ஆகவே ஒரே வகையை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கெக் என்றால் ஓ-ரிங் (இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அத்தனையையும் மாற்றிவிடுங்கள். சிரப் வாசனை ரப்பரில் ஊறிக் கிடக்கும், கழுவினால் போகாது.

கேள்வி: ஒருவர் கேஸ் அழுத்தத்தை 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வை என்கிறார், இன்னொருவர் 30 என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லவில்லையே! அது தெரியாமல் அழுத்தத்தை மட்டும் சொல்வதில் பயன் இல்லை. திரவம் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு கேஸை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் கரைவதும் கூடும். இதை வில்லியம் ஹென்றி 1803-இலேயே கண்டு சொல்லிவிட்டார்.

பீரில் கரைந்த கேஸை 'வால்யூம்' என்ற கணக்கில் சொல்வோம். ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் அது 2.5 வால்யூம், எடையில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம். சாதாரண ஏல், லாகர் எல்லாம் இந்த அளவில் நன்றாக இருக்கும். பீர் 4 டிகிரி செல்சியஸில் இருந்தால் இதற்கு 12 பிஎஸ்ஐ போதும். அதே பீர் 20 டிகிரியில் வெளியே நின்றால் 28 பிஎஸ்ஐ வேண்டும். இங்கிலாந்து பாணி பிட்டருக்கு 2 வால்யூமுக்குள் நிறுத்திவிடலாம். ஜெர்மானியக் கோதுமை பீருக்கு மூன்றரை வரை போகலாம், அதற்கு 4 டிகிரியில் 22 பிஎஸ்ஐ தேவைப்படும்.

என் வழி இதுதான். கெக்கை ஃபிரிட்ஜில் வைத்து 12 பிஎஸ்ஐ கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் ரெகுலேட்டர் பக்கமே போவதில்லை. அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு கரைய முடியுமோ அவ்வளவு கரைந்ததும் தானாக நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: இரண்டு வாரம் எல்லாம் முடியாது அண்ணா. சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், இன்று வியாழன்.

பதில்: சரி, முதலில் பீரை நன்றாகக் குளிர வையுங்கள். குளிர்ந்த பிறகு 30 பிஎஸ்ஐ கொடுத்து 24 மணி நேரம் விடுங்கள், பிறகு கேஸை மூடி, மேலே இருக்கும் வால்வை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றி, 12-க்கு இறக்குங்கள். ஒரு கிளாஸ் பிடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் சில மணி நேரம் 30-இல் வைக்கலாம்.

கெக்கைக் கிடத்தி உருட்டுகிற முறையும் இருக்கிறது. பீர் குலுங்கும்போது கேஸோடு சேரும் பரப்பு கூடுவதால் அரை மணிக்குள் ஏறிவிடும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நான் ஆரம்பத்தில் இப்படிச் செய்து ஒரு கெக் முழுக்க அளவுக்கு மீறி ஏற்றி, அதைச் சரிசெய்ய இரண்டு நாள் போராடினேன். அதனால் இதை நான் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று. அழுத்தத்தை இறக்கும்போது கெக்கின் வால்வை முதலில் திறந்துவிடுங்கள். கெக்கில் 30, ரெகுலேட்டரில் 12 என்று இருந்தால் பீர் கேஸ் குழாய் வழியாகப் பின்னால் ஏறி ரெகுலேட்டருக்குள் போய்விடக்கூடும்.

கேள்வி: கேஸே இல்லாமல், பாட்டிலில் போடுவது போலச் சர்க்கரை போட்டு ஏற்ற முடியாதா?

பதில்: முடியும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு வால்யூம் கேஸ் தரும். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே முக்கால் வால்யூமுக்கு மேல் கரைந்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். மூடி சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக முதலில் கொஞ்சம் கேஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஊற்றிக் குடிக்கவும் கேஸ் வேண்டும். ஆக, சிலிண்டர் இல்லாமல் தீராது.

கேள்வி: டேப்பைத் திறந்தால் முக்கால் கிளாஸ் நுரைதான் வருகிறது. அழுத்தத்தை 5 பிஎஸ்ஐக்கு இறக்கியும் பார்த்தேன், இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் இன்னும் மோசம்.

பதில்: எல்லோரும் முதலில் ரெகுலேட்டரில்தான் கை வைக்கிறார்கள். கெக்கில் 12 பிஎஸ்ஐக்கு ஏற்ற கேஸ் கரைந்திருக்கிறது, நீங்கள் மேலே 5 மட்டும் கொடுக்கிறீர்கள். மீதிக் கேஸ் பீரில் தங்குமா? குழாய்க்குள்ளேயே பிரிந்து குமிழாக நிற்கும், டேப்பைத் திறந்ததும் அதுதான் நுரையாக வரும். சில நாளில் பீரும் சப்பென்று ஆகிவிடும். ஆகவே அழுத்தத்தை மறுபடி 12-இல் வைத்துவிட்டு, கோளாறை வேறு இடத்தில் தேடுவோம்.

முதல் கிளாஸ் மட்டும் நுரையா, எல்லாக் கிளாஸுமா? முதல் கிளாஸ் மட்டும் என்றால் டேப்பும் குழாயின் மேல்பகுதியும் சூடாக இருக்கின்றன. குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும். ஃபிரிட்ஜின் அடியில் 3 டிகிரி இருக்கும்போது மேலே 10 டிகிரி இருப்பது சாதாரணம். ஒரு சின்ன ஃபேனை உள்ளே வைத்துக் காற்றை மேலே அனுப்புங்கள். ஃபேன் வைத்த அன்றே வித்தியாசம் தெரியும்.

எல்லாக் கிளாஸும் நுரை என்றால் குழாயை அளந்து பாருங்கள். டேப்போடு சேர்த்து விற்கும் குழாய் பல சமயம் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். பீர் 12 பிஎஸ்ஐயில் கிளம்பி, டேப்பை அடைவதற்குள் அந்த வேகம் உராய்விலேயே தேய்ந்துவிட வேண்டும். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் உள்ள குழாய் என்றால் 3 மீட்டர் வையுங்கள். நீளம் கூடினால் பீர் கொஞ்சம் மெதுவாக வரும், வேறு கெடுதல் இல்லை. குறைந்தால்தான் சீறும். நுரை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குழாயை மாற்றியதுமே தீர்ந்திருக்கிறது.

குழாய் சரி, குளிரும் சரி என்றால், பீர் வரும்போது கெக் பக்கக் குழாயை உற்றுப் பாருங்கள். அங்கேயே குமிழ் வரிசையாக ஓடினால், பீர் எடுக்கும் நீளக் குழலின் தலையில் இருக்கும் சிறிய ஓ-ரிங் தேய்ந்திருக்கும், மேலே இருக்கும் கேஸ் அந்த வழியாகப் பீரோடு கலக்கிறது. ஒரு சின்ன வளையம்தான், ஆனால் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குமிழ் கெக் பக்கம் இல்லாமல் குழாய் மேலே வளைகிற இடத்தில் சேர்ந்து நின்றால், கேஸ் அதிகமாக ஏறியிருக்கிறது அல்லது அந்த இடம் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் அதிகம் என்றால் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்க சில மணிக்கொரு தடவை மேல் வால்வை இழுத்து வெளியேற்றுங்கள்.

டேப்பை எப்போதும் முழுசாகத் திறங்கள். நுரைக்குப் பயந்து பாதி திறந்தால் அந்த இடுக்கில் பீர் சிதறி இன்னும் நுரைக்கும். கிளாஸில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது.

கேள்வி: புது சிலிண்டர் மூன்றே நாளில் காலி. ஒரு கெக் பீர்கூடக் குடித்து முடிக்கவில்லை.

பதில்: எங்கோ கசிகிறது. 19 லிட்டர் பீரில் கேஸ் ஏற்ற 100 கிராம்கூட ஆகாது, ஊற்றிக் குடிக்க இன்னும் சில பத்து கிராம் ஆகும். இரண்டு கிலோ சிலிண்டர் பல கெக்குக்கு வர வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து எல்லா இணைப்பிலும் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழ் எழும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்து வாஷரை முதலில் பாருங்கள், அடுத்தது கெக் மூடியின் பெரிய ஓ-ரிங். அதற்கு உணவுக்கு ஏற்ற லூப் (வழவழப்புப் பசை) தடவி, 30 பிஎஸ்ஐ கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பிறகு இறக்குங்கள். 12-இல் ஒட்டாத மூடி அப்படி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சிலிண்டர் மீட்டரில் முள் அசையவே இல்லை, திடீரென்று ஒரு நாள் விழுந்துவிட்டது. மீட்டர் கெட்டதா?

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருப்பது திரவ நிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை அழுத்தம் மாறாது. அறை வெப்பத்தில் 830 பிஎஸ்ஐ பக்கம் காட்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் 560-க்கு இறங்கும். எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எடை போட்டுப் பாருங்கள், வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும்.

கேள்வி: படுக்கையறை ஓரத்தில் ஃபிரிட்ஜும் சிலிண்டரும் வைத்திருக்கிறேன். ஆபத்து உண்டா?

பதில்: தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் அரைக் கன மீட்டருக்கு மேல் கேஸ் ஆகும். பத்துக்குப் பத்தடி அறையில் அது 2 சதவீதம். வேலை இடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு அரை சதவீதம்தான், 4 சதவீதம் உயிருக்கே ஆபத்து. நிறமும் வாசனையும் இல்லை, காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தேங்கும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஜன்னல் உள்ள, யாரும் படுக்காத இடத்தில் வையுங்கள், கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். சிலிண்டரை நிமிர்த்தியே வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். குடித்து முடித்த இரவு சிலிண்டர் வால்வை மூடிவிடுவது நல்ல பழக்கம். கண்ணாடி ஜாடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் நொதிப்புப் பாத்திரத்துக்கும் ஒருபோதும் கேஸ் அழுத்தம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) நிறையப் போட்ட பீர் கெக்கில் இரண்டே வாரத்தில் பழுப்பாகி, வாசனையும் போய்விட்டது. கிருமியா?

பதில்: கிருமி இல்லை, ஆக்ஸிஜன். மூடியைத் திறந்து மேலிருந்து பீரை ஊற்றினீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை கெக்கை விளிம்பு வரை சானிடைசரால் (பீர்ப் பாத்திரங்களுக்கான கிருமிநீக்கித் திரவம்) நிரப்பி, மூடி, அதைக் கேஸ் கொடுத்து டேப் வழியாக வெளியே தள்ளிவிடுங்கள். உள்ளே கேஸ் மட்டும் இருக்கும். பிறகு நொதிப்புப் பாத்திரத்திலிருந்து பீர் எடுக்கும் பக்கத்துக் குழல் வழியாகவே அடியிலிருந்து நிரப்புங்கள், மேல் வால்வைத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் கேஸ் வெளியேறும். கொஞ்சம் சானிடைசர் நுரை தங்கினாலும் பரவாயில்லை, பாஸ்பாரிக் அமில வகை என்றால் அதை அலச வேண்டாம். காற்றை அடித்துப் பீர் எடுக்கும் கைப்பம்பையும் அன்றே கெக்கைக் காலி செய்வதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஸ்டவுட் எனும் கருநிற பீரில் அந்தக் கிரீம் போன்ற நுரை வீட்டில் வருமா?

பதில்: வரும், ஆனால் தனிச் சாமான் வேண்டும். கின்னஸ் 1959-இல் கொண்டுவந்த முறை அது. நைட்ரஜன் முக்கால் பங்கும் கார்பன் டை ஆக்சைடு கால் பங்கும் கலந்த கேஸ், அதற்கென்று வேறு ரெகுலேட்டர், சின்னத் துளைகள் உள்ள தகடு வைத்த ஸ்டவுட் டேப், 30 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம். நைட்ரஜன் பீரில் லேசில் கரையாது, தகட்டில் மோதும்போது மணல் போன்ற குமிழாகப் பிரியும். சாதாரண டேப்பில் இந்தக் கேஸைப் போட்டால் அந்தக் கிரீம் நுரை வராது.

கேள்வி: எத்தனை நாளுக்கொரு தடவை கழுவ வேண்டும்?

பதில்: பீர் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கெக்கை ஒவ்வொரு முறை காலியானதும். காரக் கிளீனரைக் குழாயில் 15 நிமிடம் ஓடவிட்டு அலசுங்கள். நாளடைவில் படியும் பீர்க்கல்லுக்கு (கெட்டியான கனிமப் படிவு) அமிலக் கழுவல் வேண்டும். பிளீச் வேண்டாம், எஃகை அரித்துக் குழி விழ வைக்கும். கெக்கைப் பிரிக்கும் முன் அழுத்தம் முழுசாக வெளியேறிவிட்டதா என்று வால்வை இழுத்துப் பாருங்கள். அழுத்தத்தோடு கழற்றிய இணைப்பு முகத்தில் பாயும்.

கேள்வி: கெக்கிலிருந்து நாலு பாட்டில் நிரப்பி நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போக முடியுமா?

பதில்: தாராளமாக. பாட்டிலை ஃபிரிட்ஜில் கெக் அளவுக்குக் குளிர வையுங்கள். அழுத்தத்தை 3, 4 பிஎஸ்ஐக்கு இறக்கி (இந்த ஒரு வேலைக்கு மட்டும்), டேப்பின் வாயில் பாட்டிலின் அடி வரை எட்டும் குழலை மாட்டி நிரப்புங்கள். நுரை கழுத்துக்கு வந்ததும் அந்த நுரையின் மேலேயே மூடி போடுங்கள், காற்று உள்ளே தங்காது. ஒரு வாரத்துக்குள் குடித்துவிடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மறுபடி 12-க்கு ஏற்ற மறக்காதீர்கள்.