கட்சி இரண்டாக உடைந்திருக்கும்போது தேர்தல் பிரசாரத்தை எப்படி வகுக்க வேண்டும்?

1989 சட்டமன்றத் தேர்தலில் போடிநாயக்கனூரில் சுவர் எழுதும் ஓர் அண்ணனிடம் எடுபிடியாக இருந்தேன். வியூகம் வகுத்தவன் அல்ல, சுண்ணாம்பு வாளி தூக்கியவன். அந்த உயரத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார். அவருடைய மனைவி ஜானகி அம்மையாரின் ஆட்சி 24 நாட்களில் முடிந்தது. அ.தி.மு.க. இரண்டானது, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். சேவலுக்குக் கொண்டை வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு இலையை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே வரைவார். ஒரு பாட்டி தினமும் வந்து நின்று, "எம்.ஜி.ஆர். சின்னம் எங்கே தம்பி?" என்று கேட்பார். அண்ணன் சேவலைக் காட்டுவார். மறுநாளும் அதே கேள்வி. பாதிப் பிரசாரம் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்வதிலேயே போயிற்று.

உடைந்த கட்சி முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்தத் தேர்தல் ஆட்சிக்கா, கட்சிக்கா என்பதைத்தான். இரண்டும் வேண்டும் என்று மேடையில் சொல்லலாம். உள்ளுக்குள் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அன்றைக்குச் சேவல் அணி தி.மு.க.வைத் திட்டியது உண்மைதான். ஆனால் அது வென்றாக வேண்டிய போட்டி புறாவோடு. 'எம்.ஜி.ஆருக்கு வாரிசு யார்?' என்ற கேள்வியைத் தொண்டன் முன் வைத்தது. ஜானகி அணி சிவாஜி கணேசனின் புதுக்கட்சியோடு கூட்டணி சேர்ந்தது. எம்.ஜி.ஆர். ரசிகனிடம் போய், சிவாஜியோடு சேர்ந்து வந்திருக்கிறோம், வாக்களியுங்கள் என்றால் அவன் என்ன செய்வான்? இதைவிட மோசமான தேர்வை நான் பார்த்ததில்லை.

முடிவு தெரிந்ததே. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. சேவலுக்கு 27 இடங்கள், புறாவுக்கு 2. ஜெயலலிதா எங்கள் போடியில் வென்றார். பக்கத்து ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். சிவாஜியும் திருவையாற்றில் தோற்றார்.

'பிளவுதான் தோற்கடித்தது' என்பது பாதி உண்மை. சேவல் ஏறக்குறைய 21 சதவீதம், புறா 9, கூட்டினால் 30. தி.மு.க. தனியாகவே 33 சதவீதம். தனித்து நின்ற காங்கிரஸிடம் சுமார் 20 இருந்தது. ஆக, ஒன்றுபட்டால் மட்டும் போதாது, கூட்டணியும் வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்து நின்று, தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐ அள்ளின.

சின்னம் போனால் எல்லாம் போயிற்று என்றும் பயப்பட வேண்டாம். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.விலிருந்து பிரிந்து நின்ற டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று, 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அது ஒரே தொகுதி. வீதிவீதியாகக் குக்கரைக் காட்டிவிடலாம். மாநிலம் முழுக்க அது நடக்காது.

சேவல் அணி இரண்டாம் இடத்தில் வந்ததே போதுமானதாக இருந்தது. ஜானகி அம்மையார் ஒதுங்கிக்கொண்டார், அணிகள் இணைந்தன, சின்னம் திரும்பியது. 1989 மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி தேர்தல்கள் வந்தன. அண்ணனுக்கு மதுரையில் வேலை கிடைத்தது. பச்சைப் பொடி வாங்கிவரச் சொன்னார். முதல் சுவரை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.